லீ ஹுவாவின் கடிதங்களைத் திருத்துகிறவர்களுக்கு

சீன மேல்நிலைப் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கும், காவோகாவ் எனப்படும் தேசிய நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளை அமைப்பவர்களுக்கும், அதைத் திருத்துகிறவர்களுக்கும்,



திருநெல்வேலி மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். உங்கள் நாட்டுக்கு வந்ததில்லை, உங்கள் மொழியும் தெரியாது. ஆனாலும் ஒன்றரை ஆண்டாக உங்கள் மாணவர்களின் ஆங்கில வினாத்தாள்களோடுதான் என் காலைப் பொழுது போகிறது. என் தம்பி மகள் சீனாவில் மருத்துவம் படித்துவிட்டு ஊர் திரும்பியபோது பெட்டியில் ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தாள். ஐந்தாண்டுத் தேர்வுத் தாள்களும் மூன்றாண்டு மாதிரித் தாள்களும் சேர்ந்த தொகுப்பு அது. “அத்தை, அங்கயும் கைடு உண்டு. நம்ம ஊரு கைடு எல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது” என்று சொல்லி என் மடியில் வைத்தாள். ஆங்கிலப் பகுதிகளை நானே படித்தேன். சீன மொழியில் இருந்த குறிப்புகளை அவள் திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாகச் சொன்னாள். பிறகு நானே தேடிப்பிடித்துப் பழைய தாள்களையும் வாசித்தேன். ஒரே தொழில் செய்கிறவர்கள் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், இதை என் ஊர் ஆசிரியர்களும் படிக்க வேண்டும் என்பது.

முதலில் லீ ஹுவாவைப் பற்றிப் பேச வேண்டும். தமிழ் வாசகர்களுக்கு அவனைத் தெரியாது. உங்கள் நாட்டில் அவனைத் தெரியாத பிள்ளை இருக்க முடியாது. 1995இலிருந்து உங்கள் ஆங்கிலத் தாளின் கடிதக் கேள்வி, “உன்னை லீ ஹுவா என்று வைத்துக்கொள்” என்றுதான் பெரும்பாலும் தொடங்குகிறது. ஆணா பெண்ணா என்று யாரும் சொன்னதில்லை. வயது மட்டும் ஏறுவதே இல்லை. 2015இல் லீ ஹுவா பள்ளியின் ஆங்கில இதழுக்குக் கட்டுரை கேட்டு பீட்டருக்கு எழுதினான். 2016இல் வேலை விண்ணப்பத்தைத் திருத்தித் தரும்படி ஜென்கின்ஸ் என்ற ஆசிரியையைக் கேட்டான். 2017இல் சீனம் கற்றுக்கொள்ளும் லெஸ்லிக்கு, அடுத்த வகுப்பில் தாங் காலத்துக் கவிதை நடத்தப் போவதாகச் சொன்னான். 2018இல், விருந்துக்குப் போகும் டெர்ரிக்கு, சீனர் வீட்டில் நடந்துகொள்ளும் முறையைச் சொல்லிக் கொடுத்தான். 2024இல் பூங்காவில் நடந்த ஓவிய வகுப்பைப் பற்றி கிறிஸுக்கு எழுதினான். முப்பது ஆண்டுகளாக, தேர்வுக்கூடத்தில் உட்காரும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த ஒரே பெயரில் கையெழுத்திடுகிறார்கள்.

இது ஏன் என்று எனக்குப் புரிகிறது. எழுதியது யார், எந்தப் பள்ளி என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது. எங்கள் பன்னிரண்டாம் வகுப்பிலும் இதே ஏற்பாடுதான். கடிதம் எழுதினால் பெயருக்குப் பதில் எக்ஸ் எக்ஸ் எக்ஸ், முகவரிக்குப் பதில் ஒய் ஒய் ஒய். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே முகமூடி போட்டுவிடும் இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். உங்களுடையதை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே மதிக்கிறேன். மூன்று எக்ஸ் போடுவதைவிட ஒரு மனிதப் பெயர் கொடுப்பது நாகரிகம்.

என் வருத்தம் பெயரைப் பற்றியது இல்லை. பெயரோடு சேர்த்து அந்தப் பிள்ளை சொல்ல வேண்டியதையும் நாம் எடுத்துவிடுகிறோமே, அதைப் பற்றியது.

இதை எங்கே கற்றேன் என்று சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஏப்ரல் மாதம், விடைத்தாள் திருத்தும் முகாம். காலையில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு. மின்விசிறி சுற்றினால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை தாளில் சொட்டும். விடுமுறையை எப்படிக் கழித்தாய் என்று நண்பனுக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். என் கட்டில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் கொடைக்கானல் போயிருந்தார்கள். ஒரே ஏரி, ஒரே படகு, ஒரே மூடுபனி, எல்லாம் ஒரே வழிகாட்டிப் புத்தகத்தின் பக்கம். நடுவில் ஒரு தாள். அந்தப் பையன் விடுமுறை முழுக்க அப்பாவோடு செங்கல் சூளையில் இருந்ததாக எழுதியிருந்தான். நண்பன் என்ற சொல்லிலேயே இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தது. இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்து கிடந்தன. ஆனால் பச்சைக் கல்லை எப்போது புரட்டிப் போட வேண்டும், மழை வந்தால் என்ன ஆகும் என்று அவன் சொன்னது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. கொடைக்கானல்களுக்கு ஐந்துக்கு நான்கு போட்டேன். அவனுக்கு இரண்டு போட்டேன். எனக்குக் கொடுத்திருந்த விடைக்குறிப்பின்படி அது சரி. கூர்ந்தாய்வாளரும் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டார்.

உங்கள் தாளைப் பிரித்துப் பார்க்கும்போது அந்த நினைவுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். சீன மொழிக்கும் கணிதத்துக்கும் இணையான இடம். தேர்வு நேரம் இரண்டு மணி. இந்த இடம் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. 1977 டிசம்பரில் காவோகாவ் மீண்டும் நடந்தபோது 57 இலட்சம் பேர் எழுதினார்கள். ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் பேருக்குத்தான் கல்லூரியில் இடம் கிடைத்தது. பிறகு அயல்மொழி மதிப்பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, 1983இல் முழுமையாகக் கணக்கில் எடுத்தார்கள். 1985இல் குவாங்டாங் மாகாணத்தில் கொள்குறி வகைத் தாளைச் சோதித்துப் பார்த்தார்கள். அது பிறகு நாடு முழுவதும் பரவியது. 2024இல் காவோகாவுக்குப் பதிந்தவர்கள் 1 கோடியே 34 இலட்சம் பேர். இத்தனை தாள்களை நேர்மையாகவும் விரைவாகவும் மதிப்பிட இயந்திரத்தின் துணை இல்லாமல் முடியாது. திருத்தும் முகாமில் உட்கார்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்று உங்கள் புதிய தேசியத் தாளில் கேட்டறிதலுக்கு 30, வாசிப்புக்கு 50, விடுபட்ட சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பத்திக்கு 15. ஆக 150இல் 95 மதிப்பெண்ணுக்குப் பிள்ளை பென்சிலால் கட்டத்தைக் கருப்பாக்கினால் போதும். கையால் எழுதுவது 55க்கு. அதிலும் இலக்கண நிரப்புதலுக்கு 15 போக, வாக்கியமாக எழுதுவது 40க்குத்தான். அந்த நாற்பதில் லீ ஹுவாவின் கடிதத்துக்கு 15, நீங்கள் அண்மையில் கொண்டுவந்த கதைத் தொடர்ச்சிக்கு 25.

வாசிப்புப் பகுதியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கு பத்திகளும் நல்ல பத்திகள். உயிருள்ள ஆங்கிலம். எங்கள் பாடப்புத்தகத்தில் இத்தனை வகை உரைநடை கிடையாது. ஒரு பத்தியிலிருந்து ஐந்து வாக்கியங்களை உருவிவிட்டு, ஏழு வாக்கியங்களைக் கொடுத்து எது எங்கே பொருந்தும் என்று கேட்கிறீர்களே, அதை வகுப்பில் நடத்தியிருந்தால் என் பிள்ளைகள் பத்தி கட்டுவதைக் கற்றிருப்பார்கள். ஆனால் இத்தனையும் வாசித்த பிள்ளை, வாசித்ததைப் பற்றித் தன் சொல்லில் ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. எழுத்தாளர் சொன்னது சரியா என்று அவனை யாரும் கேட்பதில்லை. நான்கில் ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறான்.

கடிதத்துக்கு வருவோம். லீ ஹுவா என்னென்ன சொல்ல வேண்டும் என்பதைச் சீன மொழியில் புள்ளி வைத்துக் கொடுக்கிறீர்கள். அழைப்பதற்குக் காரணம், நிகழ்ச்சி விவரம், இப்படி இரண்டு மூன்று. பிள்ளை அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றி, முன்னும் பின்னும் மனப்பாடம் செய்த வாக்கியத்தை ஒட்டினால் எண்பது சொல் ஆகிவிடும். உங்கள் நாட்டு ஆய்வாளரே இதைச் சொல்லியிருக்கிறார். குவாங்டாங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ச்சி லூசியா, இந்த எழுத்துக் கேள்வி பள்ளிகளில் என்ன விளைவை உண்டாக்கியது என்று ஆராய்ந்து 2007இல் கட்டுரை வெளியிட்டார். யாருக்கு எழுதுகிறோம், எதற்காக எழுதுகிறோம் என்பதைப் பிள்ளை யோசிக்க வேண்டும் என்பது வினா அமைத்தவர்களின் நோக்கம். பள்ளிகளிலோ அது காற்றில் போயிற்று. திருத்துகிறவருக்கு எது பிடிக்கும் என்பதே பாடமாயிற்று என்றார். பீட்டருக்கு எழுதுவதாகப் பெயர். எழுதுவது உங்களுக்கு.

கையெழுத்தைப் பாருங்கள். ஹெபெய் மாகாணத்து ஹெங்ஷுய் நகரின் பெயராலேயே ஒரு எழுத்து வடிவம் உண்டாமே. தம்பி மகள் கைப்பேசியில் படம் காட்டினாள். அச்சில் வார்த்ததுபோல உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒரே உயரத்தில் ஆங்கில எழுத்துகள். கோடு போடாத தாளிலும் கோணல் இல்லை. முதலில் வியந்துபோனேன். பத்துப் பிள்ளைகளின் தாள்களை அடுத்தடுத்துப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது, பத்தும் ஒரே கையின் எழுத்துபோல இருந்தன. பெயரைத்தான் முன்பே வாங்கிக்கொண்டோம். கையையும் வாங்கிக்கொள்ள வேண்டுமா? படிக்க முடியாத அளவுக்குக் கையெழுத்து மோசமானால் ஒரு படி கீழே இறக்கலாம் என்று உங்கள் மதிப்பீட்டு விதியில் இருந்தது. அது நியாயமான விதி. அந்த ஒரு வரிக்குப் பயந்து ஒரு தலைமுறையே அச்செழுத்தாக மாறியிருக்கிறது. தேர்வில் நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் வகுப்பறையில் பத்து மடங்காகப் பெருகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நீங்கள் செய்த ஒரு பெரிய நல்ல காரியத்தைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள் ஆவேன். 2016 அக்டோபரில் ஜெஜியாங் மாகாணத்தில் முதன்முதலாகக் கதைத் தொடர்ச்சியைக் கேட்டீர்கள். 2020இல் ஷான்டோங் மாகாணத் தாளிலும் அது வந்தது. இப்போது தேசியத் தாளில் நிலைபெற்றுவிட்டது. ஏறத்தாழ 350 சொல்லில் ஒரு கதை. முடிவு இருக்காது. அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வாக்கியங்கள் மட்டும் இருக்கும். மீதியைப் பிள்ளை 150 சொல்லில் எழுத வேண்டும். இதன் பின்னால் இருப்பவர் பேராசிரியர் வாங் சூமிங். அதற்கும் முன்பே, பிழைக்கு அஞ்சாமல் நிறைய எழுதவிடுங்கள் என்று சொன்னவர் அவர். ஒருவருக்கு வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் எப்போதும் எழுதும் திறனைவிட ஒரு படி மேலே இருக்கும். இரண்டையும் ஒரே வேலையில் கட்டிவிட்டால் மேலே இருப்பது கீழே இருப்பதைக் கைகொடுத்துத் தூக்கிவிடும் என்பது அவருடைய கருத்து. நல்ல பாடகரோடு சேர்ந்து பாடும்போது நம் சுருதியும் கொஞ்சம் நேராவதைப் போல.

2024ஆம் ஆண்டுக் கதையை நான் நான்கு தடவை வாசித்தேன். வியன்னாவில் குளிரும் மழையுமான ஒரு மாலை. பிராகுக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க ஒருவர் தவிக்கிறார். குந்தர் என்ற டாக்சி ஓட்டுநர் விரைந்து கொண்டுபோய்ச் சேர்க்கிறார். இறங்கிய பிறகு பார்த்தால் அட்டை வேலை செய்யவில்லை, கையில் ரொக்கம் இல்லை, நிலையத்து ஏடிஎம்மும் பழுது. ஓடிவந்து குந்தரிடம் கெட்ட செய்தியைச் சொன்னேன் என்பது முதல் பத்தியின் தொடக்கம். நான்கு நாள் கழித்து வியன்னா திரும்பியதும் சொன்னபடி அவரை அழைத்தேன் என்பது இரண்டாவதன் தொடக்கம். இடையில் நடந்ததைப் பிள்ளை எழுத வேண்டும்.

கான்சு மாகாணத்து மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு வியன்னா தெரியாது. ஆனால் பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் பை காலியாக நிற்பது என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். ஊர்க் கடையில் அம்மா கடன் சொல்லும்போது பக்கத்தில் நின்றிருப்பான். கடைக்காரர் பரவாயில்லை என்று சொன்ன விதமும் சொல்லாமல் விட்ட விதமும் மனதில் இருக்கும். அதை அவன் வியன்னாவுக்குக் கொண்டுபோகலாம். லீ ஹுவாவின் முகமூடியைக் கழற்றாமலே, இன்னொருவர் கதைக்குள் புகுந்து, தன்னைச் சொல்லலாம். என் செங்கல் சூளைப் பையனுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்திருந்தால் என்று எத்தனை முறை நினைத்துப் பார்த்தேன்!

ஆனால் தம்பி மகள் கொண்டுவந்த புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. கதைத் தொடர்ச்சிக்கான சொற்றொடர்ப் பட்டியல். பயத்துக்கு இதயம் படபடப்பது, மகிழ்ச்சிக்குக் கண்ணீர் கன்னத்தில் உருள்வது, குற்ற உணர்வுக்குத் தொண்டை அடைப்பது. கடைசி வரியில் பொன்னிறச் சூரிய ஒளி, கூடவே கதையை உயர்த்தும் ஒரு நீதி. எந்தக் கதைக்கும் பொருந்தும் ஒட்டுத் துணிகள். குந்தரின் டாக்சிக்கும் ஒட்டும். 2021இல் அன்னையர் தினத்துக்குக் காலை உணவு செய்யப்போய் அடுப்பங்கரையை அமளிப்படுத்திய இரட்டைப் பிள்ளைகளின் கதைக்கும் ஒட்டும். கடிதத்தில் குடியிருக்கும் மனப்பாடம் கொல்லைப்புறமாக வந்து கதைக்குள்ளும் உட்கார்ந்துவிட்டது. எங்கள் கொடைக்கானல் ஏரி உங்கள் ஊரில் பொன்னிறச் சூரியன் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கு மாற்றை வெளிநாட்டில் தேட வேண்டாம். உங்கள் தலைநகரத்துத் தாளிலேயே இருக்கிறது. பெய்ஜிங், தேசியத் தாளைப் பயன்படுத்தாமல் தனக்கென ஆங்கிலத் தாள் அமைத்துக்கொள்கிறது. 2021 முதல் அதில் வாசித்து எழுதும் பகுதி ஒன்று வருகிறது. ஒரு பத்தி, நான்கு கேள்வி, 12 மதிப்பெண். முதல் இரண்டும் பத்தியிலிருந்து பதில் எழுதுவது. மூன்றாவதில் ஒரு கூற்றைக் கொடுத்து, அதில் எந்தப் பகுதி தவறு, ஏன் தவறு என்று விளக்கச் சொல்கிறார்கள். நான்காவது கேள்விதான் என்னை எழுந்து உட்கார வைத்தது. வாசித்ததை உன் வாழ்க்கையோடு சேர்த்து ஏறத்தாழ 40 சொல்லில் சொல் என்கிறது அது. ஐந்து மதிப்பெண். லீ ஹுவா இல்லை, பீட்டர் இல்லை. பெயரும் எழுத வேண்டியதில்லை, பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கேள்வியில் முடிந்திருக்கிறது, பாருங்கள்.

வினாத்தாள் அமைப்பவர்களே, இந்த ஒரு கேள்வியைத் தேசியத் தாளுக்குக் கொண்டுவாருங்கள். வாசிப்புக்கு இருக்கும் 50 மதிப்பெண்ணில் ஐந்தை எடுத்து இதற்குக் கொடுங்கள். இரண்டு கொள்குறிக் கேள்விகள் குறையும். அதனால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போக மாட்டான்.

அளவுகோல் தளர்ந்துவிடும், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று சொல்வீர்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018 நவம்பரில் ஜெஜியாங்கில், கேள்வி கடினமாக இருந்தது என்று ஆங்கில மதிப்பெண்ணை மாற்றிக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். கொந்தளிப்பு எழுந்து, மாகாண அரசு விசாரித்து, முடிவு தவறென்று சொல்லி, டிசம்பர் 5ஆம் தேதி பிள்ளைகளின் அசல் மதிப்பெண்ணுக்கே திரும்பியது. ஒரு மதிப்பெண் என்றால் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பு. அதில் யாரும் விளையாடக் கூடாது. ஆனால் நாற்பது சொல்லை நியாயமாக மதிப்பிட உங்களுக்குத் தெரியும். ஒரு தாளை இரண்டு பேர் தனித்தனியாகக் கணினித் திரையில் திருத்துகிறீர்கள். வேறுபாடு அதிகமானால் மூன்றாமவரிடம் போகிறது. எங்கள் முகாமில் எனக்குக் கிடைக்காத வசதி அது. 25 மதிப்பெண் கதையை அப்படித் திருத்த முடிகிறவர்களால் ஐந்து மதிப்பெண் பதிலைத் திருத்த முடியாதா?

வகுப்பறை ஆசிரியர்களே, சொற்றொடர்ப் பட்டியலை உங்கள் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. தேர்வுக்குப் போகிறவனை வெறுங்கையோடு அனுப்ப எந்த ஆசிரியருக்கும் மனம் வராது, எனக்கும் வந்ததில்லை. வாரத்தில் ஒரு நாள் மட்டும், மதிப்பெண் போடாமல், பத்து வரி எழுதச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டைப் பற்றி, ஊரைப் பற்றி. பிழையைச் சுட்டாமல் பதில் மட்டும் எழுதுங்கள். லீ ஹுவாவுக்கு முப்பது ஆண்டாக ஒரு பீட்டரும் பதில் எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

திருத்துகிறவர்களே, உங்களிடம் கேட்பது சிறிய உதவி. அடுத்த ஜூனில், நூறாவது பொன்னிறச் சூரியனுக்குப் பிறகு, காலத்தையும் எண்ணையும் தப்பாகப் போட்டு, ஆனால் தான் பார்த்ததைத் தன் வாயால் சொல்லும் ஒரு தாள் உங்கள் திரையில் வரும். கட்டாயம் வரும், எந்தக் கட்டிலும் ஒன்று இருக்கும். அதை ஒரு முறைக்கு இரண்டு முறை வாசியுங்கள். உங்கள் விதியிலேயே உள்ளடக்கத்துக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தை முழுதாகக் கொடுங்கள்.

செங்கல் சூளைப் பையனின் தாள் எந்தக் கிடங்கில் மக்கிப்போயிற்றோ, எனக்குத் தெரியாது. அந்த இரண்டை இனி என்னால் மூன்றாக்க முடியாது. உங்கள் பிள்ளைகளின் தாள்கள் இன்னும் எழுதப்படவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருத்தி,
திருநெல்வேலி மாவட்டம்